மேட்டுக்கு ரெண்டாம் கியர்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவது என்று முடிவெடுத்தேன். சும்மா எடுத்த முடிவு இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்று எடுத்த முடிவு.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். திருடனிடமிருந்து அல்ல, வெப்பத்திடமிருந்து. உறைந்த பட்டாணி உள்ளே மூட்டை மூட்டையாகத் தூங்கும். வெப்பமானியில் முள் ஏறாமல் நான் வெளியே விழித்திருப்பேன். பட்டாணி தூங்குவதற்காக மனுஷன் முழித்திருக்க வேண்டிய உலகம் இது. விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால், பகல் தூக்கத்துக்கு எவரும் மரியாதை தருவதில்லை. ராத்திரியில் கதவைத் தட்டத் தயங்குகிற அதே ஆட்கள், பட்டப்பகலில் அழைப்பு மணியில் விரலை வைத்தால் எடுப்பதே இல்லை. மிச்சம் இருப்பது ஞாயிறு ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த என் மனைவியின் அக்கா, மலைமேல் வீடு பிடித்துவிட்டாள். சகலைக்கு நல்ல காற்று வேண்டுமாம். கீழே அவர் சுவாசித்த காற்றுக்கு என்ன குறை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகணும்."

"போயிட்டு வா. கார்தான் இருக்கே."

"அந்த மேடு எனக்கு ஆகாதுங்க. நீங்கதான் ஓட்டணும்."

"அது ஆட்டோமேட்டிக் வண்டி. தானா போகும்."

"சமதரையில தானா முன்னாடி போகும். மேட்டுல தானா பின்னாடி வந்துச்சுன்னா?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிந்தது. இத்தனைக்கும் பகலில் அந்தக் காரை ஓட்டுவது அவள்தான். வேலை பார்க்கிற மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ரெண்டு பக்கமும் கையகல இடம் விட்டு, ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மேட்டுக்குப் பயப்படுகிறாள் என்றபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்! கிடங்கில் உட்கார்ந்து காரோடு வந்த கையேட்டை முழுசாகப் படித்தவன் நான். எந்தக் கல்லூரியும் என்னை உள்ளே விட்டதில்லை. அதனால் அச்சடித்த எதையும் நான் படிக்காமல் வெளியே விட்டதில்லை.

திட்டம் இதுதான். மேட்டில் ஓட்டுவதை அவளுக்கு ஒரே ஒரு ஞாயிறு சொல்லிக் கொடுப்பது. அதற்கப்புறம் அவள் மலைக்கு, நான் மெத்தைக்கு.

வாசலில் நின்ற காரிலேயே பாடத்தை ஆரம்பித்தேன்.

"இங்க பாரு. டி-யில, அதான் வண்டியே கியர் மாத்திக்கிற இடத்துல, போட்டு மேடு ஏறினா வண்டி குழம்பிப் போகும். மூணா, ரெண்டா, இல்ல மூணேதானான்னு கியரை மாத்தி மாத்திப் போடும். கடையில செருப்பு வாங்கற மாதிரி."

"யாரு, நானா?"

"வண்டியச் சொன்னேன். இந்தக் கியர்த் தண்டை இப்படிப் பக்கத்துல தள்ளினா எம், அதாவது மேனுவல். முன்னால தள்ளினா கியர் கூடும், பின்னால இழுத்தா குறையும். ரெண்டுன்னு சொல்லிட்டா ரெண்டுலயே நிக்கும். நாம சொன்னபடி கேக்கும்."

"சொன்னபடி கேக்குமா?" என்று என்னையே பார்த்தாள். "அப்ப ரொம்ப நல்ல வண்டிங்க."

அந்தப் பார்வையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. கையேட்டில் இல்லாத ஒன்றை என் சொந்தச் சரக்காகச் சேர்த்துவிட்டேன்.

"முக்கியமா ஒண்ணு. வெறும் வண்டியில மேடு ஏறிப் பழகினா பிரயோஜனம் இல்ல. எடையோட ஏறணும். அப்பத்தான் இன்ஜின் இழுக்கறது காதுல விழும்."

"எடைக்கு எங்கங்க போறது?" என்று யோசித்தாள். "அக்காவோட பழைய வீட்டுல ரெண்டு அட்டைப்பெட்டி கட்டி வச்சிருக்காங்க. பாத்திரம்தான். போதுமா?"

"தாராளமா" என்றேன். பெருந்தன்மையோடு.

அந்த ஞாயிறு நான் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். மலையடியில் எம்முக்கு மாற்றி ரெண்டைப் பிடித்தேன். இன்ஜின் உறுமியது. வண்டி ஒரே சீராக ஏறியது. எனக்கே ஆச்சரியம். படித்தது நிஜமாகவே நடக்கிறதே! முதல் வளைவில் இருந்த பழக்கடைக்காரர் கையை ஆட்டினார்.

"பாத்தியா, நல்லா ஓட்டறவன ஊரே கவனிக்குது."

அவள் மறுபக்க ஜன்னலில் வேடிக்கை பார்த்தாள்.

உச்சியில், அந்தக் குடியிருப்பின் வாசலில் ஒரு தடுப்புக் கம்பம். நான் நிறுத்துவதற்குள் வாட்ச்மேன் கம்பத்தைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டிகளை நான்தான் இறக்கினேன். சகலைக்கு இடுப்புப் பிடிப்பு. நாற்காலியில் சாய்ந்தபடி, "பாத்து தம்பி, அது கண்ணாடி" என்று தன் பங்கு வேலையைச் செய்தார்.

இறங்கும்போது ஒரு சின்னத் தவறு. எம்மை மறந்துபோய், டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டே பாதி மலை வந்துவிட்டேன்.

"ஏதோ தீயற வாசனை வருதுங்க."

"மலைக்காத்து அப்படித்தான் இருக்கும்."

அப்புறம்தான் ஞாபகம் வந்து ரெண்டுக்கு இழுத்தேன். வண்டி தானே தன்னைப் பிடித்துக்கொண்டது. "இப்பப் புரிஞ்சுதா? இறங்கறப்பவும் கியரே பிடிச்சு நிறுத்தும். பிரேக்கை மிதிச்சிட்டே வரக்கூடாது."

"ஏறறப்பப் புரிஞ்சுதுங்க. இறங்கறதுக்குள்ள மறந்துபோச்சு. அடுத்த வாரம் இன்னொரு தடவ காட்டுங்க."

காட்டினேன். வாரா வாரம் காட்டினேன். மாணவிக்கு மறதி கூடக் கூட, அறிவுத் தாகமும் கூடியது.

"ஏங்க, பாத்திரம் ஒரு எடை. தையல் மிஷின் வேற மாதிரி எடை இல்ல?"

"ஆமா, வேறதான்."

"அப்ப அதையும் ஏத்திப் பாத்துடலாம்."

அடுத்த வாரம் வாஷிங் மிஷின். ஆடுகிற எடைக்கும் ஆடாத எடைக்கும் கியர் மாறுமா என்று அவளுக்குச் சந்தேகம். அதற்கடுத்த வாரம் கார் கூரைமேல் மெத்தை. காற்று எதிர்த்தால் என்ன கியர் என்று சந்தேகம். உலகத்தில் ஆராய்ச்சி இப்படித்தான் வளர்ந்திருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கட்டில் கால்களைத் தூக்கினேன். ஒரு நாள் மலையடியில் அவளையே ஓட்டச் சொன்னேன். நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். வண்டி நின்ற இடத்திலேயே கத்தியது. "பயமா இருக்குங்க" என்றாள். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

கடைசியாக ஏறியவை பூந்தொட்டிகள். அவற்றை இறக்கிவிட்டு அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். கீழ் வீட்டில் இனி சுவரும் கதவும்தான் மிச்சம் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். முந்தின ராத்திரி முழுக்கப் பட்டாணியோடு விழித்திருந்தவன் நான். கண் தானாகச் சொக்கியது.

"சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"நீயா? இறக்கத்துலயா?"

"இவ்வளவு தடவ சொல்லிக் குடுத்திருக்கீங்களே."

பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். தடுப்புக் கம்பத்தைத் தூக்கிய வாட்ச்மேன் ஜன்னலில் குனிந்தார்.

"என்னம்மா, பழையபடி நீங்களே ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களா?"

கார் வெளியே வந்தது. தண்டை அவள் பார்க்கவே இல்லை. கை தானாகப் போய் அதை எம்முக்குத் தள்ளியது. வளைவு வருவதற்கு முன்பே ரெண்டு. செங்குத்தில் ஒன்று. வளைவு முடிந்ததும் திரும்ப ரெண்டு. பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினாள். மலைக்காற்றில் எந்த வாசனையும் இல்லை.

"பழையபடின்னா?" என்றேன்.

"அக்காவுக்கு இந்த வீட்டைப் பாத்துக் குடுத்ததே நான்தானே? நீங்க பகல்ல தூங்கறப்ப வந்து வந்து பாத்துட்டுப் போவேன்."

"எம்-ல போட்டா?"

"பின்ன? அது இல்லாம இந்த மேட்டுல எப்படி ஏறறது?"

"அப்ப மேட்டுல ஓட்டத் தெரியாதுன்னு ஏன் சொன்ன?"

"மேடு ஆகாதுன்னேன். தெரியாதுன்னு எப்பச் சொன்னேன்? அந்த வளைவுல லாரி திரும்பாதுங்க. வந்து சாமான் தூக்குங்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா? சொல்லிக் குடுக்கறேன்னு நீங்களா வந்தீங்க. எடையோட ஏறணும்னு சொன்னதும் நீங்கதான்."

பழக்கடைக்காரர் கையை ஆட்டினார். அவள் ஹாரனை லேசாகத் தட்டிப் பதில் சொன்னாள். நான் என் ஜன்னலில் வேடிக்கை பார்த்தேன்.

யோசித்துப் பார்த்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சாமான் எல்லாம் மேலே போயாச்சு. அவளுக்கு ஓட்டவும் தெரியும் என்று ஆகிவிட்டது. நான் எழுந்து நின்று எடுத்த முடிவு எப்படியோ பலித்துவிட்டது. இருக்கையைச் சாய்த்துக் காலை நீட்டினேன்.

"சரி விடு. அடுத்த ஞாயிறு நான் தூங்கறேன்."

அவள் அடுத்த வளைவுக்கு முன்னால் தண்டைப் பதமாகப் பின்னால் இழுத்தாள்.

"அக்காவுக்கு மலைக் குளிர் ஒத்துக்கலையாம்ங்க."

"அதுக்கு?"

"சாமானோட ஏறறது சொல்லிக் குடுத்துட்டீங்க. சாமானோட இறங்கறது இன்னும் சொல்லித் தரலையே."