படுத்துக் குளிக்க ஒரு தொட்டி

இந்த நோன்புப் பெருநாளுக்குள் என் வீட்டில், என் குளியலறையில், என் சொந்தச் செலவில் நான் படுத்துக்கொண்டு குளிப்பேன். இப்படி ஒரு சபதம் எடுத்தேன். எடுத்த இடம் சுரபாயாவில் ஒரு ஓட்டல். பூகோள வாத்தியார்களுக்கு அங்கே பயிற்சி வைத்திருந்தார்கள். பயிற்சியில் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அறையில் பாத்டப் இருந்தது. நான் பெரும்பாலும் அதற்குள் இருந்தேன்.

வெந்நீரில் கழுத்துவரை முங்கிப் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் மாலாங் மலையூர். விடியற்காலையில் குளியலறைத் தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு தலையில் ஊற்றும்போது ஒரு சத்தம் போடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார். பிறந்ததிலிருந்து நின்றபடியே நடுங்கிக் குளித்த உடம்பு இது. ஓட்டலில் முதல் தடவையாகப் படுத்தது. எழுந்திருக்க மனசே வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சபதத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டுமே. என் மனைவி ரத்னிங்சியிடம்.

நிங்சி என்னை 'மாஸ்' என்று கூப்பிடுவாள். எங்கள் ஜாவாவில் அதற்கு அண்ணன் என்றும் அர்த்தம், புருஷன் என்றும் அர்த்தம். அவள் குரலைப் பொறுத்து அசடு என்றும் அர்த்தம். எங்கள் தெருவில் கொசுப்புழு பார்க்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வெள்ளிக்கிழமை காலையில் டார்ச்சோடு கிளம்பி வீடு வீடாகக் குளியலறைத் தொட்டியை எட்டிப் பார்ப்பாள். டெங்கு வந்த வருஷத்திலிருந்து இந்த வேலை. ஒரு புழு நெளிந்தால் போதும், அந்த வீட்டு மானம் தெருவுக்கு வந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம். தெருவிலேயே மோசமான தொட்டி தலைவி வீட்டுத் தொட்டி. மூலையில் விரிசல், ஓடு பெயர்ந்து பாசி. விரிசலுக்குள் புழு குடும்பம் நடத்தும். "மாஸ், தொட்டியைப் பூசணும்" என்பாள். "பார்க்கலாம்" என்பேன். "மாஸ், வாரம் ஒரு தடவையாவது தண்ணியைத் திறந்துவிட்டுத் தேய்க்கணும்" என்பாள். "பார்க்கலாம்" என்பேன். இப்படிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நாள் ஓட்டிவிட்டேன்.

அவள் பயறங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நிங்சி, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சாப்பிட்டுட்டு வந்தீங்களா, சாப்பிடாமயா?"

"எதுக்குக் கேக்கறே?"

"பசியில எடுத்த முடிவுன்னா சாப்பிட்டதும் சரியாயிடும்."

"பழைய தொட்டியை உடைக்கப் போறேன். அந்த இடத்துல பாத்டப். மேலே ஷவர்."

சண்டைக்குக் காத்திருந்தேன். ரயிலில் வரும்போதே பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையில் கத்தி நிற்கவில்லை.

"சரி, மாஸ்."

"சரியா?"

"சரிதான்."

"செலவாகும்."

"ஆகட்டும்."

"உடம்பு ஏதும் சரியில்லையா நிங்சி?"

"நீங்க சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும். டப்பு மட்டும் கொஞ்சம் ஆழமா பாருங்க. நீங்க வாட்டசாட்டமான ஆளு. கீழே தண்ணி போற ஓட்டை பெரிசா இருக்கட்டும். வெள்ளையா வாங்குங்க."

"வெள்ளை எதுக்கு?"

"உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? அன்றைக்கே அவள் அண்ணன் குந்தோரோவுக்குப் போன் போட்டேன். சுரபாயாவில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கிறார். பெருநாள்தோறும் குடும்பத்தோடு வந்து தங்கி என் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார்.

"மச்சான், இந்தப் பெருநாளைக்கு வாங்க. எங்க குளியலறையில ஒரு அதிசயம் காட்டறேன்."

"என்ன, தண்ணி வருதா?"

இருக்கட்டும். வந்து பார்க்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

நோன்பு மாதம் தொடங்கியது. நானே வேலையில் இறங்கினேன். கூலி மிச்சம் என்பதற்காக இல்லை, சபதம் என்னுடையது. பழைய தொட்டியைச் சம்மட்டியால் உடைத்தேன். அந்தத் தொட்டிக்கு என்மேல் என்ன கோபமோ, முதல் துண்டே கால் கட்டைவிரலில் விழுந்தது. தரையைச் சரிவாகப் பூசினேன். மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது சமையலறைப் பக்கம் நடையைக் கட்டியது. மறுபடி பூசினேன். குழாய் மரைக்கு வெள்ளை டேப் சுற்றி முறுக்கினேன். கசிந்தது. இன்னும் சுற்றினேன். இன்னும் கசிந்தது. நிங்சி வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாஸ், டேப்பை இடப்பக்கமா சுத்தறீங்க. மரை வலப்பக்கமா ஏறுது. நீங்க முறுக்க முறுக்க அது அவுந்துக்கும்."

"எனக்குத் தெரியும். சோதிச்சுப் பார்த்தேன்."

"அதானே. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

டப் வந்தது. பளபளவென்று ராஜா வீட்டுப் படகு மாதிரி இருந்தது. தரையில் வைக்கப் போனேன்.

"தரையிலயா வைக்கப் போறீங்க?" என்றாள். "செங்கல் அடுக்கி ஒரு மேடை கட்டி மேல வைங்க. ஏறி உக்காந்தா சிம்மாசனம் மாதிரி இருக்கும்."

நியாயமாகப் பட்டது. டப்பின் விளிம்பு இடுப்புக்கு வரும்படி மேடை கட்டினேன். ஓரமெல்லாம் சிலிக்கான் பசை தடவி விரலால் வழித்தேன். கை ஒரு வாரம் பிசுபிசுத்தது. கடைசியில் ஷவரை மாட்டித் திறந்தேன்.

நூல் மாதிரி தண்ணீர் வந்தது. அதுவும் யோசித்து யோசித்து.

எங்கள் தண்ணீர் டேங்க் சமையலறைக் கூரையோரம் ஒரு குட்டைத் தூண்மேல் நிற்கிறது. மேடைக்கு ஏற்ப மேலே போன ஷவர் அதற்குச் சமமான உயரத்தில் நின்றது. பூகோள வாத்தியாருக்கு மேடு பள்ளம் தெரியாதா என்கிறீர்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்று பாடம் நடத்துகிறவன்தான். எவ்வளவு மேலிருந்து என்று பாடத்தில் இல்லை.

"டேங்கை உயர்த்தணும் நிங்சி."

"பார்க்கலாம் மாஸ்."

அது என் சொல். அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இப்போதைக்கு டப்பை நிரப்ப இது போதாதா?" என்றாள். "மத்தியானம் திறந்து விட்டுடறேன். நீங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வரும்போது நிறைஞ்சிருக்கும்."

அடுத்த நாள் பாடம் நடத்தினேனோ என்னவோ தெரியாது. ஓடி வந்தேன். அடுப்பில் வெந்நீர் ஏற்றினேன். துண்டைத் தோளில் போட்டுக் குளியலறைக்குப் போனேன். கதவு திறந்தது. உள்ளேயிருந்து, எங்களோடு இருக்கும் என் மாமியார் ஈரத்தலையோடு வந்தார். கையில் பழைய பிளாஸ்டிக் மக்.

"தொட்டி ஜோரா இருக்கு மாப்பிள்ளை. குனிய வேண்டியதே இல்லை. நின்ன இடத்துல மொண்டு ஊத்திக்கலாம்."

"அத்தே, அது மொண்டு ஊத்தறதுக்கு இல்லை. உள்ளே இறங்கிப் படுக்கறதுக்கு."

மாமியார் மகளைப் பார்த்தார். "என்னடி சொல்றாரு? தண்ணிக்குள்ளயா?"

"ஆமாம் அத்தே."

"எல்லாரும் தலையில ஊத்திக்கற தண்ணி. அதுல இவர் காலை வைப்பாராம். காலை மட்டுமில்ல, மத்ததையும் வைப்பாராம். நோன்பு மாசத்துல கேக்கற பேச்சா இது?"

நான் விளக்கினேன். சுரபாயாவைச் சொன்னேன், ஓட்டலைச் சொன்னேன். மாமியார் காதில் எதுவும் ஏறவில்லை. நிங்சி நடுவில் வந்தாள். எனக்காகப் பேசத்தான் வந்தாள், பாவம்.

"சும்மா இரும்மா. அவர் ஆசைப்பட்டுக் கட்டினது. மாஸ், நீங்க போய்ப் படுங்க. அப்புறம் அந்தத் தண்ணியைத் திறந்து விட்டுட்டு, தேய்ச்சுக் கழுவி, மறுபடி நிரப்பிக்கலாம். நூல் மாதிரிதான் வருது. நாளைக்குள்ள நிறைஞ்சிடும். அதுவரைக்கும் நாங்க குளிக்காம இருக்கோம். அம்மா தொழுகைக்கு முன்னாடி பக்கத்து வீட்ல போய்க் கேட்டுக் குளிச்சுக்குவாங்க. நீங்க நிம்மதியா படுங்க."

மாமியார் மக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்று மொண்டு ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று சாயங்காலமும் சத்தம் கேட்டிருக்கும்.

ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கிடைக்கும் என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. எப்போது போனாலும் டப் தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும். நிறைந்த தண்ணீரைக் கண்டால் எங்கள் ஊரில் எவனும் மக்கைத்தான் தேடுவான். பெருநாள் வந்தது. மச்சான் குந்தோரோ மனைவி, மக்கள், சம்பந்தி என்று ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார். பெருநாள் காலை. தொழுகைக்கு முன்னால் அத்தனை பேரும் குளித்தாக வேண்டும். மச்சான் முதலில் போனார். நான் சொன்ன அதிசயத்தை இந்த மனுஷர் மக்கால் மொண்டு ஊற்றிவிட்டு வந்து சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவு திறந்தது.

"தம்பி, இதை யார் யோசிச்சது?"

நான் வாயைத் திறக்கும் முன் நிங்சி சொன்னாள். "எல்லாம் இவர்தான் அண்ணே. நான் போன்ல சொல்லலையா? கொசுப்புழுவை ஒழிக்கணும்னு ராத்திரி பகலா யோசிச்சாரு."

"அடேயப்பா. மூலையே இல்லை, பாசி எங்கே பிடிக்கும்? வழவழன்னு இருக்கு, முட்டை எப்படி ஒட்டும்? வெள்ளையா இருக்கறதால ஒரு புழு இருந்தாலும் கண்ணுக்குப் படும். அடைப்பானைப் பிடுங்கினா மொத்தத் தண்ணியும் போயிடுது. நிக்கற உயரத்துக்கு மேடை வேற. இருபது வருஷமா சாமான் விக்கறேன், எனக்கு இது தோணலையே." கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னைக் கொஞ்சம் குறைவா எடை போட்டுட்டேன் தம்பி."

எங்கள் கல்யாணத்திலிருந்து இந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். படுக்கத்தான் வாங்கினேன் என்று இனி எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ என்னால ஆனது" என்றேன். தொழுகை முடிந்து தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆழம், ஓட்டை, வெள்ளை, மேடை. ஒவ்வொன்றும் யார் சொன்னது என்று எனக்கு அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. நிங்சி எல்லாருக்கும் பெருநாள் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபம் வரவில்லை எனக்கு. எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியாமல்.

பெருநாள் கும்பல் ஊர் திரும்பிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட விடுமுறை இன்னும் முடியவில்லை. நிங்சி அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மாவைத் தங்கச்சி வீட்ல விட்டுட்டு, தெருவுல தொட்டி பார்க்கப் போறேன் மாஸ். வர மத்தியானம் ஆகும். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

தெரு முனையில் அவள் தலை மறைகிறவரை பார்த்தேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். அண்டா அண்டாவாக வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினேன். குளியலறை முழுக்க ஆவி. வீட்டில்தான் யாரும் இல்லையே, கதவை ஒருக்களித்து மட்டும் வைத்தேன். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு மேடையேறி ஒரு காலை உள்ளே விட்டேன்.

சொர்க்கம். கட்டைவிரலிலிருந்து உச்சந்தலை வரை ஏறியது. கண்ணை மூடி இரண்டாவது காலைத் தூக்கினேன்.

கதவு திறந்தது. முகத்தில் டார்ச் வெளிச்சம் அடித்தது. ஒன்றில்லை, அரை டஜன். நிங்சியின் கொசுப்புழுப் படை முழுக்க வாசலில் நின்றது. தெருப் புகழ் தொட்டியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

முன்னால் நின்ற சுமார்னி அம்மாள், எங்கள் ஊர் வழக்கில் இபு சுமார்னி, வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, பாக் குரு, வாத்தியாரே, குளிக்கிற தண்ணியில காலா?"

என் மானம், குந்தோரோவின் கைகுலுக்கல், எல்லாம் அந்த ஆவியோடு மேலே போவது எனக்குத் தெரிந்தது. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன்.

நிங்சி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பார்த்தீங்களா? நான் சொன்னா நம்பலையே. வாரா வாரம் வெள்ளிக்கிழமை இவர்தான் உள்ளே இறங்கித் தேய்ப்பாரு. வெந்நீர் ஊத்தித் தேய்ச்சாத்தான் ஒட்டின முட்டை போகுமாம், அதுவும் இவர் கண்டுபிடிச்சதுதான். தண்ணியைத் திறந்து விடறதுக்குள்ள இறங்கிட்டாரு, அவ்வளவு ஆர்வம். அடைப்பானைப் பிடுங்குங்க மாஸ்."

பிடுங்கினேன். வெந்நீர் மொத்தமும் என் காலைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று போனது. வாசலில் பெண்கள் உருகிப் போனார்கள்.

"என் வீட்ல ஒண்ணு இருக்கு, எழுந்து ஒரு தம்ளர் எடுத்துக்காது," என்றார் இபு சுமார்னி. "நீ கொடுத்து வச்சவ நிங்சி."

"ஆமா, நான் கொடுத்து வச்சவதான்," என்றாள் அவள். உண்மையாகவே சொன்னாள், கண்ணில் தெரிந்தது. பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து நீட்டினாள். புத்தம் புது பிரஷ். கடை அட்டைகூட இன்னும் பிரிக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்த டப்பில் இறங்குகிறேன். முழு உடம்போடு, முட்டி போட்டு, சில சமயம் படுத்தும்கூட. தண்ணீர் மட்டும் இருப்பதில்லை.