கிழக்கு பார்த்த இன்ஜின்

புது இன்ஜினை ஆதரிக்க நிறைய ஆள் உண்டு. வாங்கத்தான் ஆள் கிடையாது. சொந்தமாகச் சின்ன விமானம் கட்டிப் பறக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்து இதைக் கற்றுக்கொண்டேன். "நம்ம ஊர்லயே இன்ஜின் செய்யறாங்களா, பெருமை!" என்று கைதட்டும் படம் போடுவார்கள். "வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றால், "முதலில் வேறு யாராவது பறக்கட்டும்" என்பார்கள். குற்றம் சொல்லவும் முடியாது. நடுவானில் நின்றுபோனால் ஓரமாக நிறுத்தித் தள்ளிக்கொண்டா போவது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (இதைச் சொல்லாமல் நான் ஒரு கடுதாசி கூட எழுதியதில்லை.) விமானப் பொறியியல் முடித்து, வண்ணார்பேட்டையில் சாகுல் அண்ணாச்சியின் பட்டறையில் சேர்ந்தேன். படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவர், சின்ன விமானத்துக்கு ஒன்று செய்திருந்தார். அதைப் பார்க்க வாருங்கள் என்று ஒரு வருடம் கெஞ்சியதில் குழுவில் மூன்று பேர் சம்மதித்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு மணி நேரம் முழு வேகத்தில் நிற்காமல் ஓட வேண்டும்.

"நின்னுட்டுன்னா நான் பழையபடி படகுக்கே போயிருதேன், பிள்ள. இனி ஏலாது" என்றார் அண்ணாச்சி.

ராதாபுரம் பக்கம் மாமாவின் செம்மண் பொட்டலில் இரும்புச் சட்டம் நட்டு இன்ஜினைப் பூட்டினோம். அதன் மூக்கில் காற்றாடி. அது முன்னால் இருக்கிற காற்றை இழுத்துப் பின்னால் அடிக்கும். அதனால் இன்ஜினை மேற்கே பார்க்க வைத்து, அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளிப் பந்தல் போடச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அம்மா வரும்வரை.

எங்கள் வீட்டில் எது தொடங்கினாலும் அது விசேஷம். அப்பா, சித்தி, மாமா, அத்தை எல்லோரும் வேனில் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு அண்டா தேங்காய்ப்பால் சொதி. அம்மா இன்ஜினை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏட்டி, புது மிசினை யாராவது மேக்க பாத்து ஓட்டுவாவளா? கெழக்க திருப்பு."

"அம்மா, இது அடுப்பு இல்ல."

"அம்மா மனசு கோண வேண்டாம், பிள்ள. திருப்பிருவோம்" என்றார் அண்ணாச்சி.

திருப்பினோம். ஒவ்வொரு போல்ட்டையும் நானே முறுக்கிச் சரிபார்த்தேன். எலுமிச்சம்பழம் கூட வைத்தார்கள். காற்று இப்போது எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நாலு வருடம் அதைத்தானே படித்தேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

விருந்தாளிகள் மூவரும் வந்து பந்தலில் சாப்பிட உட்கார்ந்ததும், அண்ணாச்சி இன்ஜினை முடுக்கினார். வேகம் கூடியதும் பொட்டலில் இருந்த செம்மண் முழுக்கக் கிளம்பிப் பந்தலுக்குள் போனது. வெள்ளைச் சொதி செங்கல் நிறமானது. இலைகள் விருந்தாளிகளின் முகத்தில் ஒட்டின. நாற்காலிகள் தாமாகவே பனைமரங்களை நோக்கிப் புறப்பட்டன. பந்தல் துணி உப்பிக் கம்பங்களைத் தூக்க ஆரம்பித்தது.

"பந்தலு போவுதுட்டி! நிப்பாட்டச் சொல்லு!" இன்ஜினையும் மீறிக் கேட்ட ஒரே சத்தம் அம்மாவின் குரல்.

அண்ணாச்சி சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் அழுகிற மாதிரி இருந்தது. நிறுத்தினால் பந்தல் மிஞ்சும், விமான இன்ஜின் மிஞ்சாது.

"நிப்பாட்டாதீங்க, அண்ணாச்சி!" என்று கத்திவிட்டு, ஓடிப்போய் ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். அப்பா இன்னொன்றைப் பிடித்தார். மாமாவும் சித்தியும் கயிறுகளின் மேல் உட்கார்ந்தார்கள். அப்பா மட்டும் கம்பத்தோடு சேர்ந்து இரண்டு முறை தரையை விட்டுக் கிளம்பி இறங்கினார்.

கடைசியில் துணி பிய்த்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் கம்பங்களை விடவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அண்ணாச்சி இன்ஜினை அணைத்தார். இரண்டு விருந்தாளிகள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். மூன்றாமவர் கோயம்புத்தூர் பல் டாக்டர். வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, நேராக இன்ஜினிடம் போய்க் கையை நீட்டி அதன் சூட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தனை ரகளையிலயும் ஒருக்கா கூட விக்கல் எடுக்கலையே இது" என்றார். "எனக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்க. பந்தல் வேண்டாம்."

அண்ணாச்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் அந்த இன்ஜினில் இப்போது பறக்கிறார். அந்த வீடியோவை வீட்டில் காட்டினேன். அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு, "இவரு இப்பதான் பறக்காரு. நான் அன்னைக்கே பறந்தாச்சு" என்றார். போன மாதம் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் சொல்லப் போனபோது, அதே பந்தல்காரர் அப்பாவிடம் முதலில் கேட்டது மாப்பிள்ளையைப் பற்றி அல்ல.

"பெரியவ வாராளா? அப்பம்னா கூடக் கொஞ்சம் கயிறு கொண்டாரணும்."