லதிகா சேச்சி அடுக்களையில நான் வச்ச புளிக்குழம்பு

எங்கூர்ப் பயலுவ துபாய், மலேசியான்னு போனானுவ. நானும் வெளிதேசம் போனவன்தான். சங்கரன்கோவில்ல பஸ் ஏறி திருவனந்தபுரத்துல எறங்குனேன். (நல்லவேள பாஸ்போர்ட் கேக்கல. நம்ம படிப்புக்கு கையெழுத்துப் போடவே வேர்க்கும்.)

ஆரியசாலையில ஒரு மொத்தக் கடையில புளி மூட்டை, வத்தல் மூட்டை எறக்குற வேலை. கரமனையில லதிகா சேச்சி வீட்டு மாடியில ரூம். சேச்சி தங்கம். காய்ச்சல்னு படுத்தா கஞ்சியும் பயறும் தானா மேல வந்துரும். ஆனா ஏழு மாசமா தேங்காண்ணெயில ஊறுன நாக்கு, அம்மா வைக்கிற கத்தரிக்கா புளிக்குழம்ப கேட்டு அழுதுச்சு. ரூம்ல அடுப்பு வைக்கக் கூடாதுங்கிறது சேச்சி சட்டம். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஏற்பாடாச்சு. ஒரு ஞாயித்துக்கெழம அவங்க அடுக்களையில நான் சமைச்சுக் காட்டணும். நல்லாருந்தா எல்லா ஞாயிறும் அடுக்கள எனக்கு. இல்லன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. எங்கூர்ல கல்யாணப் பந்தின்னாலே என்னையத்தான் தேடுவாங்கன்னு சொன்னேன். (எச்சில் எல எடுக்க.)

அம்மாவுக்கு போன் போட்டேன். "எலுமிச்சம்பழம் அளவு புளி எடுத்து ஊறப்போடுல"ன்னா.

அளவுன்னா வச்சுப் பாக்கணும்ல? சேச்சி கூடையத் தொழாவுனா, மஞ்சளா ஒண்ணு கெடந்துச்சு, தேங்கா தண்டிக்கு. ஊறுகா போட வச்சிருந்த வடுகப்புளி நாரங்கா அது. எனக்கு எங்க தெரியும்? கேரளத்துல எலுமிச்சை இம்புட்டு செழிப்பான்னு வாயப் பொளந்துட்டு, அது பக்கத்துலயே புளிய உருட்டி வச்சு, சரிசமமா இருக்கான்னு பாத்து ஊறப்போட்டேன். தெனம் புளி மூட்ட சுமக்குற மூதேவி செஞ்ச வேல இது.

குழம்பு கொதிச்சப்போ வாசன அப்படியே எங்க தெரு. ருசி பாக்கலாம்னா, சாமிக்குக் காட்டாம நாக்குல வைக்காதன்னு அம்மா போன்லயே தடுத்துட்டா. பயபக்தியா ஒரு கிண்ணத்துல ஊத்தி பூச ரூமுக்குக் கொண்டு போனேன். குனிஞ்சு வைக்கையில பித்தள நெலவிளக்கு மேல கொஞ்சம் சிந்திருச்சு. தொடைக்க நேரமில்ல. ஆட்டோ ஓட்டுற அண்ணன், சேச்சியோட வீட்டுக்காரர், தட்டு முன்னால உக்காந்தாச்சு.

மொத உருண்ட உள்ள போச்சு. ஒரு கண்ணு தானா மூடிருச்சு. இன்னொரு கண்ணு என்னையப் பாத்துச்சு.

"எடேய், நீ எங்களக் கொல்லவா வந்தே?"

சேச்சி ஒரு சொட்டு நாக்குல வச்சுட்டு, எந்திரிச்சுப் போயிட்டாங்க. அடுக்களயும் போச்சு, ரூமும் போச்சு, பையக் கட்டிர வேண்டியதுதான்னு நிக்கேன். பூச ரூம்லருந்து, "அப்பீ, இங்க வா"ன்னு, பிள்ளையக் கூப்பிடுற மாதிரி சேச்சி சத்தம்.

குழம்பு சிந்துன எடமெல்லாம் விளக்கு தங்கமா மின்னுது. மிச்ச எடம் கரேல்னு கெடக்கு. சேச்சி சுவரப் புடிச்சுக்கிட்டு சிரிக்காங்க. அன்னிக்கு மத்தியானம் மூணு பேரும் கொல்லையில உக்காந்து, எண்ணெய வழிச்சு ஊத்திட்டு, என் குழம்பப் போட்டு விளக்கு, உருளி, மூக்கு வச்ச கிண்டிச் செம்புன்னு பித்தள ஒண்ணு விடாம தேச்சோம். அண்ணன் கத்தரிக்காய வச்சே தேச்சாரு. சோத்துக்கு மொதநாள் மீன்கறி.

அடுத்த ஞாயிறு கீழ எறங்குறேன், அடுப்புப் பக்கத்துல ஒரு பாட்டில் நல்லெண்ணெய். தமிழ்க் குழம்புக்கு என்ன எண்ணெய்னு அக்ரகாரத்துத் தமிழ் மாமி ஒருத்தர்கிட்ட விசாரிச்சு, நான் கேக்காமலே வாங்கி வச்சிருக்காங்க. "உனக்குத் தேங்காண்ண எறங்கலல்லோ, இனி இங்க வச்சுக்கோ"ன்னாங்க. வெங்காயம் உரிக்கிற மாதிரி கண்ணத் தொடச்சுக்கிட்டேன். (வெங்காயத்த இன்னும் எடுக்கவே இல்ல.)

இப்ப எல்லா ஞாயிறும் அடுக்கள எனக்குத்தான். புளிய மட்டும் சேச்சி கையால கிள்ளித் தருவாங்க. ஓணம் நெருங்குனா போதும், அண்ணன் மாடியப் பாத்துக் கொரல் குடுப்பாரு:

"எடேய், விளக்கெல்லாம் கருத்துப் போயி. ஒரு புளிக்குழம்பு வை."