டிரில் மாஸ்டரின் கடைசி மாணவி

"வலது கால்னா வலது காலைத் தூக்கணும். நீ எதைத் தூக்கியிருக்க?"

மனைவி குனிந்து பார்த்தாள். "எனக்கு இதுதாங்க வந்துச்சு."

ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் பள்ளி மைதானத்தையே விசிலால் ஆட்டிவைத்தவரை, ஒற்றை மாணவி கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள்.

லேசான மறதி என்று சொல்லி, டாக்டர் மனைவியின் செல்போனில் ஓர் உடற்பயிற்சி செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார்; அது கேமராவில் பார்த்து மார்க் போட்டு கிளினிக்குக்கு அனுப்பிவிடும். இந்த வாரம் எண்பது மார்க் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் மகளிடம் போய்விட வேண்டும். அங்கே மருமகன் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்.

பாவம், இவளுக்கு முற்றிக்கொண்டு வருகிறது. நேற்று மூக்குக்கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "நான் வைக்கலீங்க" என்று சாதித்தாள்.

"உட்கார்ந்து எழுந்தபடி நூறிலிருந்து ஏழேழாகக் குறையுங்கள்" என்றது செயலி.

"நூறு, தொண்ணூறு..."

"தொண்ணூத்தி மூணு! தள்ளு, காட்டறேன்." செல்போனுக்கு எதிரே நின்று, உட்கார்ந்து எழுந்து, இரண்டு வரைக்கும் வந்தார்.

"ரொம்ப வேகமாப் போயிட்டீங்க. இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் காட்டினார்.

துணைக்கு ஆள் இருந்தால் பிடிபடும் என்று, சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்த பிளம்பரை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார். குழாய் திறந்தபடியே கிடந்தது.

"ஒற்றைக்காலில் நின்று மிருகங்களின் பெயர் சொல்லுங்கள்."

"பசு" என்றாள் மனைவி. "அப்புறம் அதோட கன்னுக்குட்டி."

"கொசு" என்றார் பிளம்பர்.

கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் கணுக்கால் நனைய ஒற்றைக்காலில் நின்று, யானையில் தொடங்கி எறும்புதின்னி வரை இருபது சொன்னார். இரண்டு மக்குகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளுக்கு மார்க் வராதோ என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மனைவியும் பிளம்பரும் குழாயை அடைக்க ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. எடுத்து, "ம்" என்று மட்டும் சொன்னார்.

"மேடம், கிளினிக்லேருந்து நர்ஸ் பேசறேன். சாருக்கு எண்பத்தாறு மார்க் வந்திருக்கு, அவர் எங்கேயும் போக வேண்டாம். நீங்க மட்டும் இதே மாதிரி அவர் எதிர்ல நின்னு தினமும் தப்புத் தப்பாவே பண்ணிட்டிருங்க."