மம்சாபுரம் விலக்கில் நிற்காத வண்டி

ஜப்பான் வண்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஜப்பானுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம்தான். ஆனாலும் டோக்கியோவில் லேசாக நிலம் ஆடியது என்று டிவியில் சொன்னால் இங்கே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கம்பெனிக்கு ஒன்றும் ஆகியிருக்காதே! இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன மாதம் உங்கள் வண்டியைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாமனாரை விசாரிக்கும் குரலில், "ஏதோ பரவால்லாம ஓடுதா?" என்று கேட்டாரே, அவரேதான்.

நம் ஆளின் பெயர் ராஜரத்தினம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற சின்னத் தொழிற்சாலை வைத்திருக்கிறார். மிசாகவா கம்பெனியின் டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறார். காருக்கு வயது பதினொன்று. சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. கிழிய விட்டால்தானே? வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் நம் தோலில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். வண்டிக்குள் செருப்பு கூடாது, ஈரத்தலை கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, முக்கியமாகத் தின்பண்டம் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால், அவர் மனைவி ஜெயபாய் அந்தப் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர வேண்டும். தங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று நினைத்து எதிரே பைக்கில் வந்தவர்கள் இரண்டு முறை வாங்கியும் போயிருக்கிறார்கள்.

கம்பெனியின் சரித்திரம் அவருக்குத் தலைகீழாகப் பாடம். மிசாகவாப் பெரியவர் ஆதியில் குடைக்கம்பி செய்துகொண்டிருந்தாராம். ஒரு மழைநாளில் அவர் செய்த குடை மடங்கி ஒரு வாத்தியார் நனைந்துவிட்டார். பெரியவர் மன்னிப்புக் கேட்க வாத்தியார் வீட்டு வாசலில் போய் மூன்று நாள் குனிந்தபடியே நின்றாராம். வாத்தியார் ஊரில் இல்லை, அதனால்தான் மூன்று நாள். "நாலாம் நாள் நிமிந்தவரு, நேரா போயி கார் செஞ்சிட்டாரு" என்று கதையை முடிப்பார். குடையிலிருந்து காருக்கு எப்படிப் போனார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் முதலிலிருந்து சொல்வார். இதைக் கல்யாண வீட்டில் சொல்லுவார், ஞானஸ்நான விருந்தில் சொல்லுவார், துட்டி வீட்டிலும் சொல்லுவார். பக்கத்துத் தெருக் கண்ணுச்சாமி இறந்தபோது, மாலையைப் போட்டுவிட்டு ஐஸ் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "கம்ப்ரசர் எந்த நாடு?" என்று கேட்டவர் அவர்.

வண்டியில் குறையே கிடையாதா? கிடையாது. ஏசியில் இருந்து தண்ணீர் காலில் சொட்டும். அது கால் குளிர்ச்சிக்கு. வெயிலில் வைப்பர் தானாக ஆடும். தூசி இருப்பது அதற்குத் தெரியும். முன் டிராயர் ஐந்து வருடமாகத் திறக்கவில்லை. அது பாதுகாப்பு. எதைச் சொன்னாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "ஜப்பான்காரன் யோசிக்காம செய்ய மாட்டான்." மாதம் தவறாமல் மெக்கானிக் ஷெட்டில் இருப்பார். ஆனால் ரிப்பேருக்குப் போனேன் என்று சொல்ல மாட்டார். "ஒரு எட்டு காட்டிட்டு வந்தேன்" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு மெர்லின் என்று ஒரு மகள். மகள் என்றால் அவருக்கு உயிர், அதில் சந்தேகமில்லை. பதினாறு வரன் வந்தது. படிப்பு, வேலை, சபை எல்லாம் ஜெயபாய் விசாரிப்பார். ராஜரத்தினம் "என்ன வண்டி?" என்று மட்டும் கேட்பார். பதினாறும் கழிந்தன. பதினேழாவதாக வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் எட்வின், மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். அப்பா தங்கச்சாமி போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி? அதே மிசாகவா, அதே மாடல், அதே வெள்ளை. ராஜரத்தினம் போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்க வந்தார்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே எட்வினும் மெர்லினும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, விஷயத்தை அவர்கள் அளவில் முடித்துக்கொண்டார்கள். அப்பாக்கள் இருவரும் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு வருசம் அண்ணாச்சி. ஒரு கொற சொல்ல முடியாது" என்றார் ராஜரத்தினம்.

"வாஸ்தவம். ஒரே ஒரு தடவதான் நடுவழில நின்னுச்சு" என்றார் தங்கச்சாமி.

மிக்சர் தட்டை நீட்டிக்கொண்டிருந்த ராஜரத்தினத்தின் கை அப்படியே நின்றது.

"நிக்காது."

"நின்னுச்சு அண்ணாச்சி. ரெண்டாயிரத்துப் பத்தொம்பது ஜூன் பதினாலு, காலைல பத்து இருவது, கிருஷ்ணன்கோவிலுக்கு வடக்க. சாட்சி என் வீட்டம்மா."

"நீங்க நிறுத்திருப்பீய."

"நட்ட நடு ரோட்டுல நான் எதுக்கு நிறுத்துதேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

முப்பது வருடம் நடந்ததை நடந்தபடி எழுதியவரிடம் நடந்தது நடக்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? தங்கச்சாமி எழுந்தார். ராஜரத்தினம் மிக்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது.

நாலு மாதம் அந்த வீட்டில் சரியாகச் சமையல் இல்லை. மெர்லின் முகம் வாடிப்போனது. "அப்பா, எனக்கு அவியளத்தான் பிடிச்சிருக்கு. அவிய வண்டி நின்னா என்ன, நிக்காட்டி என்ன?" என்று ஒருநாள் அழுதுகொண்டே கேட்டாள்.

"மெதுவா பேசு. நம்ம வண்டி வாசல்லதான் கெடக்கு" என்றார் அப்பா.

கடைசியில் சபைப் பாஸ்டர் தலையிட்டார். இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக ஒன்பது தடவை நடந்தார். டீசல் மேல் பழி போடலாம் என்றால், "சாட்சியம் இல்லாம எப்படி எழுத?" என்று தங்கச்சாமி மறுத்தார். டிரைவர் தவறு என்றால், ஓட்டியதே தங்கச்சாமிதான். முடிவில் பாஸ்டர் ஜெபம் செய்து ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தார். "அன்று கிருஷ்ணன்கோவில் அருகே நின்றவர் தங்கச்சாமி. வண்டி அவருக்குத் துணையாக நின்றது." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணத்துக்குத் தேதி வைத்தார்கள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில், காலை பத்து மணிக்கு. ஒன்பது மணிக்கே ராஜரத்தினம் கோட்டுப் போட்டு, பின் சீட்டில் மகளையும் மனைவியையும் ஏற்றி, மல்லிகைப்பூ பிளாஸ்டிக் உறையில் படாதபடி இருவரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டப் போகிற நேரத்தில் வண்டி ஒரு இருமல் இருமியது. பிறகு வேகம் குறைந்து, ஓரமாக ஒதுங்கி, ஒரு புளியமரத்தடியில் அமைதியானது.

சாவியைத் திருகினார். ஒன்றுமில்லை.

"நெழல் பாத்து ஒதுங்கிருக்கு பாத்தியா? ஜப்பான்காரன் யோசிக்காம செய்ய மாட்டான். செத்த நேரம் ஆறட்டும்."

பதினைந்து நிமிடம் ஆறியது. பானெட்டைத் திறந்து பார்க்கலாமே என்று ஜெயபாய் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! ரோட்டோரத்தில் பானெட்டைத் திறப்பதும் ஊர் நடுவில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அவருக்கு ஒன்று. போகிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டு வைத்தார். அதுவும் எரியவில்லை.

அப்போது அவருடைய தொழிற்சாலைக் குட்டியானை லாரி பின்னால் வந்தது. அதில் மெர்லினுக்கான சீர் ஏற்றியிருந்தது. கட்டில், மெத்தை, பீரோ, கிரைண்டர் எல்லாம் இருந்தன. டிரைவர் பாண்டிதுரை இறங்கி ஓடி வந்தான்.

"மொதலாளி, நின்னுபோச்சா?"

"ஏலே, யார்ரா நின்னுபோச்சுன்னது? மல பாக்கோம். நீ போ."

மணி ஒன்பதே முக்கால். மெர்லின் மலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கதவைத் திறந்து, மெதுவாகவே சாத்திவிட்டு, கல்யாணச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குட்டியானையில் ஏறித் தன் மெத்தை மேலேயே உட்கார்ந்தாள். ஜெயபாய் கிரைண்டர் பக்கத்தில் இடம் பிடித்தார்.

"நீங்களும் வாங்க. பீரோ பக்கத்துல எடம் இருக்கு" என்று கெஞ்சினார்.

"வண்டிய விட்டுட்டா? நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்."

போனார்கள். பூங்கொத்தோடு சேர்த்து மெர்லின் போனையும் பிடித்திருந்தாள். குட்டியானை கிளம்பியதுமே அப்பா போட்ட அழைப்பை அவள் துண்டிக்கவில்லை. சர்ச் நிறைந்திருந்தது. தங்கச்சாமி போனை வாங்கிப் பேசினார்.

"சம்பந்தி, எங்க இருக்கீய?"

"வந்துக்கிட்டே இருக்கேன். மம்சாபுரம் வெலக்கு."

பத்து நிமிடம் கழித்து, "இப்ப?"

"மம்சாபுரம் வெலக்கு. தாண்டப் போறேன்."

"வண்டிச் சத்தமே காணோமே?"

"ஜப்பான் இஞ்சின் அண்ணாச்சி. சத்தம் வராது."

பாஸ்டர் முக்கால் மணி நேரம் பொறுத்தார். அடுத்த கல்யாணக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டதால் ஆராதனையைத் தொடங்கினார். இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று கேட்கிற இடம் வந்தது. மெர்லின் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் முன்னால் பிடித்தாள். "அப்பா, சொல்லுங்க."

ராஜரத்தினம் தொண்டையைச் செருமினார். அந்தச் சமயம் பார்த்து, டிராக்டரில் போன ஒரு புண்ணியவான் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, "என்ன சார், வண்டி மக்கர் பண்ணுதா?" என்று விசாரித்தான்.

"இல்ல! அதெல்லாம் கெடையவே கெடையாது!" என்ற முழக்கம் சர்ச் முழுவதும் ஒலித்தது.

பாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டார். பெண்ணின் தகப்பனே மறுத்தால் அவர் என்ன செய்வார்? கூட்டம் சலசலத்தது. அப்போது முதல் வரிசையிலிருந்து ஜெயபாய் எழுந்தார். "நான் குடுக்கேன் ஐயா. பெத்தவ நான் குடுக்கேன்" என்றார்.

அது போன் வழியாகப் புளியமரத்தடிக்கும் கேட்டது. மெர்லின் பிறந்த நாளிலிருந்து ராஜரத்தினம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரே ஒரு பதில் அது. பீரோ பக்கத்தில் இடம் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாததால், கொஞ்ச நேரம் அழுதார். நெற்றி பட்டதில் ஹாரன் அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை.

மத்தியானம் பாண்டிதுரை பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்தான். வண்டிக்குள் தின்னக் கூடாது. வெளியே இறங்கித் தின்றால், வண்டி நின்றுவிட்டதென்று ஆகிவிடும். பொட்டலம் பானெட் மேலேயே இருந்தது. அதைக் காக்கைகள் தின்றன.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் ராஜபாளையத்துக்கு மறுவீடு புறப்பட்டார்கள். ஜெயபாயையும் ஏற்றிக்கொண்டு தங்கச்சாமியின் மிசாகவாவில்தான் வந்தார்கள். புளியமரத்தைக் கண்டதும் நிறுத்தி எல்லோரும் இறங்கினார்கள். தங்கச்சாமி வழக்கப்படி வாட்சைப் பார்த்தார், இடத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"மாமா, பேட்டரி ஒயர்தான் கழண்டிருக்கும். பானெட்ட மட்டும் தொறங்க, ஒரு நிமிசம்" என்றான் எட்வின்.

"தொறக்கதுக்கு அதுல என்ன இருக்கு மாப்ள?"

"அப்ப கயிறு கட்டி இழுத்துருவமா?" என்றார் தங்கச்சாமி.

"ஒரு வண்டி இழுத்து, பின்னால இது போறதா? ஊருல என்ன நெனப்பாவ?"

"அப்பா, நீங்க வாசல்ல நிக்காம நான் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றாள் மெர்லின்.

ராஜரத்தினம் நீண்ட நேரம் யோசித்தார். மகளுக்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம். எதையும் என்றால், ஏறக்குறைய எதையும்.

"தள்ளுனா தப்பில்ல. தள்ளுனா நம்ம வண்டிதான் முன்னால போகும்" என்றார்.

தள்ளினார்கள். கல்யாணக் கோட்டோடு எட்வினும், தன் வண்டியைப் புளியமரத்தடியில் பூட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கச்சாமியும், பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெயபாயும், மாலையைக் கழற்றாமலே மெர்லினும் ஆறு கிலோமீட்டர் தள்ளினார்கள். ராஜரத்தினம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மிசாகவாப் பெரியவர் மூன்று நாள் குனிந்து நின்ற கதையை, குனிந்து தள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு முதன்முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில் யாரோ நின்று பார்த்தபோது, "எம்புட்டு ஸ்மூத்தா போகுது பாத்தியளா?" என்று கேட்கவும் செய்தார். அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் ஜப்பான் வண்டியே இல்லை, உங்களுக்கென்ன? ஆனால் ஏதோ ஒன்று இருக்குமே. முப்பது வருடமாக ஓட்டுப் போடும் கட்சி, நீங்களே தொடங்கிய சங்கம், உங்கள் தொழில், "எங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று நாலு பேரிடம் சொல்கிறீர்களே, அந்த வீடு. நன்றாக ஓடட்டும். ஒரே ஒரு தடவை மட்டும் தலையைத் திருப்பி, மூச்சு வாங்க அதைத் தள்ளிக்கொண்டு வருவது யாரென்று பார்த்துவிடுங்கள்.