இணையதளத்துக்குத் திருஷ்டி கழித்த ஷேக்

நைல் நதி கடலைத் தொடும் தும்யாத் நகரத்துக்குக் கண் பட்டுவிட்டது. நகரம் என்றதும் தெருக்களை நினைத்துவிடாதீர்கள். தெருக்கள் பழையபடி குண்டும் குழியுமாகச் சௌக்கியமாகவே இருந்தன. கண் பட்டது, கட்டில், சோபா, பீரோ விற்கும் வியாபாரிகளின் இணையதளங்களுக்கு.

எகிப்தில் கல்யாணம் எங்கே நடந்தாலும் கட்டில் தும்யாத்திலிருந்துதான் போகும். சில காலமாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய எகிப்துக்காரர்கள்கூட இணையத்தில் படம் பார்த்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். ஆரம்பித்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள். ஏனப்பா என்று கேட்டால், பாதி சோபா வருகிறது, மீதி சோபா வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது என்றார்கள். உள்ளூரில் திறந்தால் கொஞ்சம் இழுத்துக்கொண்டாவது பக்கம் திறக்கும். கடல் தாண்டினால் ஆமைதான்.

காரணத்தை ஆராய வேண்டாமா? ஆராய்ந்தார்கள். கண்ணேறு என்று முடிவு கட்டினார்கள். ஆராய்ச்சி தொடங்கி முடியும்வரை கையிலிருந்த டீ ஆறவில்லை.

அவர்கள் சொன்ன நியாயத்தையும் கேளுங்கள். கடை வாசலில் ஒரு நாற்காலியை வைத்தால் தெருவில் போகிறவன்தான் பார்ப்பான். இணையத்தில் வைத்தால் உலகமே பார்க்கிறது. அத்தனை கண்களில் ஒன்றாவது வயிறெரிந்த கண்ணாக இருக்காதா? அந்தக் கண் பட்டுத்தான் பக்கம் நொண்டுகிறது. எவ்வளவு அழகான தத்துவம். ஒரே ஒரு குறை, அதில் உண்மை இல்லை. அதனாலென்ன, நம்புவதற்கு அது தடையா?

இப்படி ஊரே தலையை நீட்டிக்கொண்டு நின்றால் மிளகாய் அரைக்க ஆள் வராமல் இருப்பானா? வந்தார், ஷேக் மூனிஸ். ஷேக் என்று வியாபாரிகள்தான் அழைத்தார்கள், எந்தப் பள்ளிவாசலும் அழைக்கவில்லை. இந்த ஆளுக்கும் மார்க்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இமாம் வெள்ளிக்கிழமை மேடையிலேயே சொன்னார். வியாபாரிகள் பயபக்தியோடு தலையாட்டிக் கேட்டுவிட்டு, தொழுகை முடிந்ததும் நேரே ஷேக் வீட்டு வரிசையில் போய் நின்றார்கள். அவர் முன்பு மன்சூராவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் என்று யாரோ சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஷேக்கின் அற்புதத்தைப் பார்த்தவர்கள் வாயை மூட மறந்தார்கள். முதலில் வியாபாரியின் கைபேசியில் அவருடைய இணையதளத்தைத் திறக்கச் சொல்வார். பக்கம் முக்கி முனகித் திறக்கும். அதை மூடச் சொல்லிவிட்டு, கைபேசியைச் சாம்பிராணிப் புகையில் மூன்று சுற்றுச் சுற்றி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, உப்பைத் தூவி, ஃபூ என்று ஊதுவார். "இப்பத் திறந்து பாரு மகனே" என்பார். பக்கம் பளிச்சென்று திறக்கும். கூட்டம் சிலிர்த்துப்போகும். ஒருவர் அழுதேவிட்டார், பாவம், புகை கண்ணில் பட்டிருக்கலாம்.

அதோடு ஒரு தாயத்தும் உண்டு. கழுத்தில் கட்டும் தாயத்து அல்ல. ஷேக் தாமே வரைவித்த நீலக் கண் படம். அதை இணையதளத்தின் முகப்பில் தொங்கவிட வேண்டும். படத்தைச் சுருக்கக் கூடாது, சுருக்கினால் பலனும் சுருங்கிவிடும் என்பது கட்டளை. அந்த ஒரு கண், கடையிலிருக்கும் எல்லாச் சோபா படங்களையும் சேர்த்து எடை போட்டாலும் மிஞ்சும். அதைத் தொங்கவிட்ட மறுநாள் பக்கம் இன்னும் மெதுவானது. ஓடிப்போய்ச் சொன்னார்கள். கண்ணேறு கடுமையாக இருக்கிறது, இன்னொரு கண்ணையும் தொங்கவிடு என்றார் ஷேக். தொங்கவிட்டார்கள். மூளையை எங்கே தொங்கவிட்டார்களோ, தெரியவில்லை.

இந்தக் கூத்தில் அடிபட்டவள் இன்ஷிராஹ்.

அவள் அண்ணன் வஜீஹ் நல்ல மனிதர்தான். மரத்தைத் தட்டிப் பார்த்தே வயது சொல்வார், மனிதர்களைத் தட்டிப் பார்க்கத்தான் தெரியாது. கணவனைப் பிரிந்து வந்த தங்கைக்கு மாடியில் இடம் கொடுத்திருந்தார். அவள் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. கட்டில்களைப் படம் பிடித்ததும், இணையதளத்தை நடத்தியதும், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதியதும் அவள்தான். அந்த வேலை அவளுக்குச் சோறு மட்டுமல்ல. அதனால்தான் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

ஆனால் அவள் செய்த பெருங்குற்றம் ஒன்று உண்டு. நீலக் கண்ணோடு பிறந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அது அபூர்வமில்லை, தெருவுக்கு நாலுபேர் இருப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது அந்தக் கண் அழகு. வீட்டில் பால் திரிந்தால் அதே கண் சனியன்.

இரண்டு கண் தொங்கவிட்டும் கனடாவின் மொன்றியாலிலிருந்து ஆர்டர் வரவில்லை என்று வஜீஹ் போய் நின்றபோது, ஷேக்குக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவது கண் விற்கலாமா என்று யோசித்திருப்பார். அதற்குப் பதிலாகக் கண்ணை மூடிக்கொண்டு, "பொறாமை வெளியில இல்ல மகனே, வீட்டுக்குள்ள இருக்கு. வெளிறின கண்ணுள்ள பொம்பளை ஒருத்தி தினமும் உன் படங்களையே பார்த்துக்கிட்டிருக்கா" என்றார்.

தினமும் பார்க்காமல்? படம் பிடிப்பவள் பார்க்காமலா படம் பிடிப்பாள்?

வஜீஹ் வீட்டுக்கு வந்து தங்கையின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். இனிமேல் கடைப்பக்கம் வரவேண்டாம், கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கொடுத்துவிடு, கொஞ்ச நாள் அஸ்வானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் இரு என்றார். அவள் சாவியைக் கொடுத்தாள். அறைக்குள் போய் அழுதாள். அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரி தன் கைக்குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அவளைக் கடந்து போனாள். அப்போது அழுகை நின்று கோபம் வந்தது. நல்ல கோபம், யோசிக்க வைக்கும் கோபம்.

தன் கைபேசியில் பக்கத்துக் கடைக்காரரின் பக்கத்தைத் திறந்தாள். இழுத்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பளிச்சென்று வந்தது. புகையில்லை, உப்பில்லை, அவள் மூச்சைக்கூட விடவில்லை. இன்னொரு பக்கம் திறந்தாள், அதே கதை. முதல் தடவை வாங்கிவந்த படங்களைக் கைபேசி தனக்குள்ளேயே எடுத்து வைத்துக்கொள்கிறது, இரண்டாம் தடவை அதையே எடுத்து நீட்டுகிறது. இவ்வளவுதான் ஷேக்கின் அற்புதம்.

சரி, வெளிநாட்டு ஆமைக்குக் காரணம்? இணையதளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். உங்கள் படங்களெல்லாம் கெய்ரோவில் ஒரே ஒரு கணினியில் இருக்கின்றன, மொன்றியால்காரர் ஒவ்வொரு தடவையும் அங்கிருந்துதானே இழுக்க வேண்டும் என்றார்கள். பல ஊர்களில் நகல் வைத்து, கேட்பவருக்குப் பக்கத்திலிருக்கும் நகலைக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு, சி.டி.என். என்பார்கள், அதில் சேருங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் அறைச் சாவிதான் அண்ணனிடம் இருந்தது. இணையதளத்தின் கடவுச்சொல் அவள் தலைக்குள் அல்லவா இருந்தது? சேர்ந்தாள். போகிற போக்கில் அந்த இரண்டு கண்களையும் பிடுங்கி எறிந்தாள்.

கல்யாண சீசன் வருகிறது என்று, கடைவீதி முழுவதுக்கும் மொத்தமாகத் திருஷ்டி கழிக்க மரச்சாமான் வியாபாரிகள் சங்க மண்டபத்தில் ஏற்பாடு ஆகியிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கூட்டம் கூடிவிட்டது. தட்டுத் தட்டாக மிஷப்பக் இனிப்பு. சாம்பிராணி மூட்டம். இன்ஷிராஹ் உள்ளே நுழைந்தபோது பலர் தங்கள் கைபேசிகளைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

வஜீஹ் பதறி எழுந்து, "இங்க எதுக்கு வந்தே? மானத்தை வாங்காதே, வீட்டுக்குப் போ" என்றார்.

"போறேன் அண்ணே. ஷேக் ஐயா ஒரே ஒரு போனுக்கு ஊதட்டும், பார்த்துட்டுப் போறேன்" என்றாள்.

முன்வரிசையில் ஹாஜி ஷலபி இருந்தார், சங்கத்தில் மூத்தவர். மகளுக்காக அன்று காலையில் வாங்கிய புதுக் கைபேசி அவர் மடியில் இருந்தது. அதில் இதுவரை எந்தக் கடைப் பக்கத்தையும் திறந்ததில்லை. அதைத்தான் அவள் கேட்டாள். வழக்கமாகத் திறந்து, ஊதி, மறுபடி திறக்கிறீர்கள், இன்றைக்கு முதலில் ஊதிவிடுங்கள், அப்புறம் ஒரே ஒரு தடவை திறப்போம் என்றாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லையே. ஹாஜிக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஷேக்கின் முகத்தில் சாம்பிராணிக்குச் சம்பந்தமில்லாத வேர்வை. இருந்தாலும் ஊதினார். நன்றாகவே ஊதினார், வழக்கத்தைவிட நீளமாக ஊதினார். ஹாஜி தம்முடைய கடைப் பக்கத்தைத் திறந்தார். முதலில் ஒரு நீலக் கண்ணின் மேலிமை வந்தது. கூட்டம் காத்திருந்தது. கீழிமை வருவதற்குள் ஒருவர் தட்டிலிருந்த மிஷப்பக்கைத் தின்று முடித்து விரலையும் நக்கிவிட்டார்.

"மண்டபத்துல வெளிறின கண்ணு இருக்கு. அது இருக்கிற இடத்துல எது பலிக்கும்?" என்றார் ஷேக்.

கூட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.  இதற்காகத்தானே வந்தாள்?

"சரி. என் கண்ணுக்கு அவ்வளவு சக்தின்னா இப்பவே பார்த்துடலாம்" என்று தன் கைபேசியை மண்டபத்துப் பெரிய திரையோடு இணைத்தாள். வீடியோ அழைப்பில் அவள் சித்தப்பா மகன் ஹமூதா தெரிந்தான். மொன்றியாலில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். அங்கே காலைநேரம், நாற்காலியில் பாதி முடி வெட்டிய நிலையில் ஒரு வாடிக்கையாளர். கடை திறந்ததுமே ஹமூதா தன் கைபேசியில் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தான், அந்த ஊர் நகலுக்கு அப்போதே படங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. இப்போது அவன் கைபேசியே வேண்டாம் என்றாள் அவள். நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டு வாங்கு, அவர் தும்யாத் என்ற பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஹமூதா அதை எல்லோருக்கும் தெரியும்படி கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

"எல்லாரும் பாருங்க. இங்க யாரும் ஊதல. நான் கண்ணு கொட்டாம எங்க அண்ணன் கடையையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன், உள்ள பொறாமையெல்லாம் சேர்த்து. திறடா ஹமூதா."

ஹமூதா விரலை எடுப்பதற்குள் வஜீஹின் கட்டில்கள், சோபாக்கள், தங்கப்பூச்சு நாற்காலிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.  முடிவெட்டு நாற்காலியில் இருந்தவர் அந்தப் பச்சைச் சோபா என்ன விலை என்று கேட்டதுகூட எல்லோருக்கும் கேட்டது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். நம் சாமான் மன்சூரா கடையிலும் அலெக்ஸாண்ட்ரியா கடையிலும் இருந்தால் அந்தந்த ஊர்க்காரன் அங்கேயே பார்த்துக்கொள்வான், தும்யாத்துக்கு ஓடிவரமாட்டான், இணையத்துக்கும் அதே ஏற்பாடுதான் என்றாள். இத்தனை வருஷமாக அதைத்தான் செய்துவந்த வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஹாஜி ஷலபிக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. வாழ்க்கையில் முதல் சந்தேகமாகக்கூட இருக்கலாம். "ஏன் ஷேக், ஊர் ஊரா உங்களைத் தேடி வர்றாங்களே, முன்பதிவு பண்றதுக்கு உங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கே. அதைத் திறக்கச் சொல்லுங்களேன்" என்றார்.

ஷேக் அந்தி நேர மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்றார். அதற்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஹமூதா திறந்தேவிட்டான். ஷேக்கின் பக்கம் மின்னலாக வந்தது. அதில் நீலக் கண்ணுமில்லை, தாயத்துமில்லை, ஒரு பாசிமணிகூட இல்லை. கீழே பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறதே என்று ஹமூதா வாய்விட்டுப் படித்தான். உலகமெங்கும் நகல்கள் வைத்து இந்தப் பக்கத்தை விரைவாகத் தருவது இன்ன நிறுவனம் என்று போட்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் கண்ணு, உமக்கு மட்டும் நகலா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. இரண்டு கண் வாங்கியவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள், அழுதால் நன்றாயிருக்காதே. ஷேக் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, வெறுங்காலோடே போய்விட்டார்.

வஜீஹ் தங்கையின் அருகில் வந்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். "நான் ஒரு முட்டாள். நாளைக்குக் கடைக்கு வந்துடு" என்றார்.

"வர்றேன் அண்ணே. ஆனா எதிர்வீட்டுக்காரிகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும், ஊர் கேக்கச் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றார். அவளுக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

அத்தோடு கதை முடிந்தது, ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அவள் மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் ஹாஜி ஷலபி மூச்சு வாங்க ஓடிவந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோர் கையிலும் கைபேசி, ஒருவர் கையில் உப்புப் பொட்டலம்.

ஹாஜி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அம்மா இன்ஷிராஹ், நீ முறைச்சுப் பார்த்ததும்தானே அது அவ்வளவு வேகமாத் திறந்துச்சு. ராசியான கண்ணும்மா உனக்கு. எங்க கடைப் பக்கத்தையும் ஒரு தடவை முறைச்சுட்டுப் போயேன்."

இன்ஷிராஹ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஹாஜி, நேத்து இதே கண்ணு சனியன், இன்னிக்கு ராசி. கண்ணு அப்படியேதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் மாறுறது நீங்க யார் பின்னாடி ஓடுறீங்கங்கிறது மட்டும்தான். ஷேக் போனா நான், நான் போனா நாளைக்கு இன்னொருத்தர். ஊதறதுக்கும் முறைக்கறதுக்கும் ஆள் தேடி அலையறீங்களே, யோசிக்கிறதுக்கு மட்டும் ஆள் வைக்க முடியாது ஹாஜி, அதை நீங்களேதான் செஞ்சாகணும்."