புதன்கிழமை வரிசைகள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லவில்லை. போன கடிதத்தில் காதல் என்று நான் எழுதியது காதல் இல்லை சித்தப்பா. உங்கள் அண்ணன்.

முறைப்படி முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். இங்கு நான் நலம், உங்கள் அண்ணன் தேவைக்கு மேல் நலம், ஸ்வெட்டர் மட்டும் காலமாகிவிட்டது. அங்கு உங்கள் நலமும், உங்கள் குளிர்பதனக் கிடங்கின் நலமும், நாள் முழுக்க அதற்குள் நின்று உருளைக்கிழங்கு மூட்டைகளை மேய்க்கும் உங்கள் முதுகின் நலமும் அறிய ஆவல். அந்த முதுகுக்காகத்தான் ஸ்வெட்டர் என்பதால் கடைசி விசாரிப்பை மட்டும் தலைகுனிந்து எழுதுகிறேன்.

நீங்கள் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "நீ ஆரம்பிச்சது எதையாவது முடிச்சிருக்கியா கழுதை? ஆராய்ச்சிப் படிப்பு பாதியில நிக்குது. நீச்சல் பாதியில நிக்குது. என் முதுகையும் பாதியில விட்றாதே." உங்கள் முதுகு பாதியைத் தாண்டி, தோள்பட்டைவரை வந்தது. அங்கேதான் விட்டேன்.

நடந்தது இதுதான்.

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா அவள் வீட்டுக்குப் போனதிலிருந்து இங்கே அப்பாவும் நானும் இரண்டே பேர். நான் அச்சகத்துக்குப் போவேன், பிழை திருத்துவேன், வருவேன். உங்கள் அண்ணன் எங்கும் போகமாட்டார். தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்து, பிறர் செய்த திருகாணிகளை எல்லாம் 'தேறாது' என்று ஒதுக்கித் தள்ளிய மனிதர் ஓய்வுபெற்றால் என்ன ஆவார்? வீட்டைப் பரிசோதிப்பார். தோசைக்கரண்டி தேறவில்லை. கதவுத் தாழ்ப்பாள் தேறவில்லை. என் ஸ்வெட்டரைக் கேட்கவே வேண்டாம். தினமும் காலையில் வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து கண்ணிகளை அளப்பார். "இந்த இடம் பரவால்ல. இந்த இடம் இறுக்கம். இது என்ன பாப்பா, ஸ்வெட்டரா மீன்வலையா? விரல் போகுது பார்." நிஜமாகவே விரல் போயிற்று.

அதுதான் ஆரம்பம். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தைத் தலையணைமேல் சாய்த்து வைத்துப் படித்தபடி பின்னுவேன். கை தன் பாட்டுக்கு ஓடும். வரிசைகளை நான் எண்ணுவதில்லை. எண்ணுகிறவர்கள் வேறு ஜாதி. புதன்கிழமை மட்டும் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன், நாற்காலியில் விழுவேன், ஊசியைக் கையில் எடுப்பேன், தூங்கிவிடுவேன். மறுநாள் எழுந்து பார்த்தால் நான் நினைத்ததைவிட ஸ்வெட்டர் வளர்ந்திருக்கும். வளர்ந்த வரிசைகள் தளர்ந்து, மூச்சுவிட்டு, சிரிப்பதுபோல் இருக்கும். மற்ற நாட்களின் வரிசைகள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆக முதுகு மூங்கில் கழிபோலக் கணுக்கணுவாக இறங்கிற்று. புதன்கிழமைதோறும் பருத்து மற்ற நாட்களில் மெலிகிற ஒருவருக்குத்தான் அது பொருந்தும்.

கம்பளி நூல் கடை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நூலில்தான் கோளாறு என்றேன். அவர் ஸ்வெட்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நூல்ல ஒண்ணுமில்லம்மா. ரெண்டு கை பின்னின மாதிரி இருக்கு."

இரண்டு கை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சித்தப்பா. நான் பாதியில் விட்ட ஆராய்ச்சியே இதைப் பற்றித்தானே: ஒருத்திக்குள் ஒளிந்திருக்கும் இன்னொருத்தி. விழித்திருப்பவள் இறுக்குகிறாள், தூங்குகிறவள் தளர்த்துகிறாள். தூங்குகிறவளுக்குப் புதன்கிழமை அப்படி என்ன சந்தோஷம்?

கமா.

அவரைப் பற்றிப் போன கடிதத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். சித்தியும் படித்திருப்பார், அவருக்காகச் சுருக்கமாக மறுபடியும். எங்கள் அச்சகத்தின் மேல்மாடியில் வேலை பார்ப்பவர். புதன்கிழமை மட்டும் கீழே இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்து மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார். நான் அச்சடித்த தாளில் விரல் வைத்து ஒத்துப்பார்ப்பேன். குறிகளையும் சேர்த்து வாசிப்பதுதான் எங்கள் தொழில்முறை. "மழை பெய்தது கமா குடை இல்லை புள்ளி." பல வருடம் வாசித்து வாசித்து, பேசும்போதும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. "மணி ஆச்சு கமா டீ குடிக்கலாமா கேள்விக்குறி." பேச்சை மாற்ற வேண்டுமென்றால் "புதுப் பத்தி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், பெயரே கமா என்றாகிவிட்டது. அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

இவரிடம் எனக்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்வெட்டருக்குத் தெரிந்திருந்தது. கையில் சான்று இருக்கும்போது மனசைக் கேட்பானேன்? சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிட்டேன். ஸ்வெட்டரைக் காட்டி, இதோ பாருங்கள், இந்த வரிசைகள் எல்லாம் நீங்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. வாக்கியத்தைக்கூடத் திருத்தி வைத்திருந்தேன்.

போன புதன்கிழமை அச்சு இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. பத்திரிகை நின்றது. மதியமே கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் அவர் மழைக்கால்வாய்களைப் பற்றிப் பேசினார். நான் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தேன்.

ஜன்னலோர நாற்காலியில் உங்கள் அண்ணன். மூக்கு நுனியில் கண்ணாடி. மடியில் உங்கள் முதுகு. பக்கத்து ஸ்டூலில் சாய்த்துவைத்த போனில் ஒரு பெண்மணி, "இப்ப ஊசியை உள்ளே விட்டு, நூலை இப்படி முன்னால கொண்டு வாங்க" என்று கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அண்ணன், "ம்ம்" என்று அதற்குப் பதில் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். கமாவைப் பார்த்தார்.

"நூல் சிக்கியிருந்துச்சு. எடுத்துவிட்டேன்" என்றார். சொல்லும்போதும் கை நிற்கவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

நான் கதவிலேயே நின்றேன். என் ஆழ்மனம் லுங்கியும் பனியனும் போட்டுக்கொண்டு எழுந்து டீ போடப் போயிற்று.

கமா மட்டும் மரியாதையாகப் பேசினார். "கை நல்லா ஓடுது சார் கமா எத்தனை நாளா கேள்விக்குறி."

"இவங்கம்மா ஊருக்குப் போன மறுநாள்லேர்ந்து தம்பி. சர்க்கரை போதுமா?"

"போதும் சார் கமா நிறையவே இருக்கு புள்ளி."

"பாப்பா, இவர் என்ன இப்படிப் பேசறார்?"

"அது தொழில்ப்பா. உங்களுக்கு 'தேறாது' மாதிரி."

ஸ்வெட்டரை நான் காட்டவில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவரோ அதன் ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை எடுத்துப் பார்த்து, "இந்த வரிசைகள் அழகா இருக்கு கமா யார் பின்னினது கேள்விக்குறி" என்றார். அவர் தொட்டது புதன்கிழமை வரிசைகளை. உங்கள் அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேறாது.

கமா கிளம்பிப் போன பிறகு சண்டை. நீங்கள் அங்கிருந்தே கேட்டிருப்பீர்கள்.

"தினமும் வந்து அளந்து, மீன்வலை மீன்வலைன்னு திட்டினீங்களே, அது யார் பின்னினதுப்பா?"

"நான்தான். அதனாலதான் சொன்னேன். தேறாததைத் தேறாதுன்னு சொல்லணும்ல?"

"வேணும்னா தனியா ஒண்ணு ஆரம்பிக்க வேண்டியதுதானே?"

"தனியா ஆரம்பிச்சா உனக்குத் தெரிஞ்சிடுமே. புதன்கிழமைன்னா நீ இருட்டினப்புறம் வந்து தூங்கிடுவே, தெரியாது."

எழுந்துபோய்த் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "முப்பது வருஷம் அடுத்தவன் செஞ்சதைத்தான் பார்த்தேன் பாப்பா. நான் எதையும் செஞ்சதில்ல" என்றார். எனக்கு அதற்குமேல் சண்டை ஓடவில்லை. நூலின் நுனியைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பிரித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டார். நான் இழுத்து இழுத்து அவர் கைகளில் சுற்றினேன். ஆசையாகப் பின்னியதைவிடப் பிரிப்பது ஆசையாக இருந்தது, மன்னித்துவிடுங்கள். என் வரிசைகள் அடம்பிடித்து முரண்டிக்கொண்டு வந்தன. அவருடையவை கூப்பிட்டவுடன் வந்தன. "பார்த்தியா, எவ்வளவு ஒத்துழைப்பு" என்றார். அதற்கும் பெருமை. உங்கள் தோள்பட்டை போயிற்று, இடுப்பு போயிற்று, கடைசியில் அடிப்பட்டையும் போயிற்று. நூல் மட்டும் மடிந்து மடிந்து, பட்ட கஷ்டத்தை மறக்காமல் கிடந்தது. தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டோம்.

ஆக, கணக்கு தீர்ந்தது. தூங்குகிறவள் என்று ஒருத்தி இல்லை. இரண்டு கை என்றால் இரண்டே கை. கமாவிடம் எனக்கு எதுவும் கிடையாது, சான்று செல்லாது, வாக்கியத்தை அடித்துவிட்டேன். கொஞ்சம் வெறுமையாக இருந்தது. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பை எடுத்துவிட்டால் இருக்குமே, அதுபோல. பழகிவிடும்.

நான் எதையும் முடிப்பதில்லை என்று இனியும் சொல்லாதீர்கள். ஸ்வெட்டரை நான் பாதியில் விடவில்லை. முழுசாகப் பிரித்து முடித்திருக்கிறேன். அதே நூலில் உங்களுக்கு ஒரு மஃப்ளர் ஆரம்பித்துவிட்டேன். மஃப்ளருக்குத் தோள் கிடையாது, இடுப்பு கிடையாது, ஆழ்மனம் கிடையாது. நேர்க்கோடு. யாரும் கெடுக்க முடியாது. இருந்தாலும் வீட்டில் வைக்கவில்லை. அச்சகத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, மதிய இடைவேளையில் மட்டும் பின்னுகிறேன். சாவி என்னிடம். உங்கள் அண்ணனுக்கு மீதி நூலைக் கொடுத்துத் தனியாக உட்காரவைத்திருக்கிறேன். அவரும் உங்களுக்குத்தான் பின்னுகிறார், ஸ்வெட்டரே. அளவு அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "என் தம்பி அளவு எனக்குத் தெரியாதா" என்று கையால் காட்டினார். அவர் காட்டிய உயரத்தில் நீங்கள் கடைசியாக இருந்தபோது உங்களுக்கு மீசை முளைத்திருக்காது.

சித்திக்கு என் அன்பு. மூட்டைகளுக்கு என் விசாரிப்பு. உங்கள் முதுகில் குளிர் ஏறாமல், கழுத்தில் சுளுக்கு விழாமல், என்மேல் கோபமும் தங்காமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கழுதை.

பி.கு.: கடிதத்தை எழுதி மடித்துப் பைக்குள் வைத்தவள் ஒரு மாதமாகத் தபாலில் போட மறந்துவிட்டேன். அதற்குள் மேலே உள்ளதில் பெரும்பகுதி பொய்யாகிவிட்டது.

இன்று மதியம் மஃப்ளரை மேசைமேல் விரித்துப் பார்த்தேன். நேர்க்கோடு இல்லை. ஒடுங்குகிறது, விரிகிறது, ஒடுங்குகிறது, விரிகிறது. இழுப்பறைச் சாவி என் கழுத்திலேயே இருந்தது. உங்கள் அண்ணன் இந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை. விரிந்த இடங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். போயிற்று.

விரிந்தவை எல்லாம் புதன்கிழமை வரிசைகள். இன்றும் புதன்கிழமை. எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கமா நிமிர்ந்து, "இது யாருக்கு கேள்விக்குறி" என்றார். உங்கள் பெயரைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன், சித்தப்பா, சத்தியமாக. அதற்குள் எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். ஊசி இன்னும் ஒரு முனையில் தொங்கிற்று.

"கதகதப்பா இருக்கு" என்றார்.

புள்ளி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு மஃப்ளர் வராது. உங்கள் அண்ணனின் ஸ்வெட்டரை எப்படியாவது இழுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

நான் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்திப் போட்டு, தொங்கிக்கொண்டிருந்த ஊசியைப் பிடித்து, அவர் கழுத்திலிருந்து கழற்றாமலே அடுத்த வரிசையை ஆரம்பித்தேன்.